அனுமதிக்கப்படாத பக்கம்

எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் என்மேல் ஒரே ஒரு கோபம்தான். மேட்ச் நடக்கும் நாளில் ஸ்கோர் பார்க்க விடமாட்டேன். பாட்டு, சினிமா, செருப்பு விற்கும் பக்கம் எதுவாக இருந்தாலும் என்னிடம் வந்து முட்டி நின்றுவிடும். அதனால் எனக்குப் ‘பூட்டு சார்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஒரு பிரிவுபசார விழாவில் மேனேஜரே வாய்தவறி மைக்கில் சொல்லிவிட்டார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சிரித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது.

நீங்கள் பொறுமையாகக் கேட்பதாகச் சொன்னீர்கள், மேடம். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நாங்கள் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம். முந்நூற்றுச் சொச்சம் கட்டிடங்கள் எங்கள் பொறுப்பு. அலுவலகத்தில் நூற்று நாற்பது கணினிகள். அவற்றில் ஒன்றுகூட நேராக வெளியே போகாது. நடுவில் என் அறையில் ஒரு இயந்திரம் இருக்கிறது. ப்ராக்ஸி என்போம். யாருக்கு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அதனிடம்தான் கேட்க வேண்டும். அது அவர்களுக்குப் பதிலாக வெளியே போய், எடுத்து வந்து, விஷம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையில் கொடுக்கும். யார், எப்போது, எதைக் கேட்டார்கள் என்று எழுதியும் வைக்கும். ரகசியக் குறியீட்டில் பூட்டு போட்டு வரும் பக்கங்களையும் பிரித்துப் பார்த்து, பிரித்த தடம் தெரியாமல் ஒட்டி அனுப்பும்.

இதை நான் வேண்டுமென்று வைக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் உதிரிபாகப் பிரிவில் ஒருவர் ஏதோ பரிசு விழுந்திருக்கிறது என்று ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டார். பத்து நிமிடத்தில் மொத்த அலுவலகமும் முடங்கிப்போனது. இரண்டு நாள் புகார் எதுவும் எங்களுக்கு வந்து சேரவில்லை. ஒரு குடியிருப்பில் ஒரு பெரியவர் ஆறு மணி நேரம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். வெளியே எடுத்தபோது அவருக்குப் பேச்சு வரவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு. அதன்பின் ஒரு கிருமிகூட உள்ளே வந்ததில்லை. விதிகளை எழுதியவன் நான். வங்கிப் பக்கங்களையும் மருத்துவம், மனநல ஆலோசனை தொடர்பான பக்கங்களையும் பிரித்துப் பார்க்கக் கூடாது, அது மனிதர்களின் அந்தரங்கம் என்று எழுதியவனும் நான்தான். அந்த விதியைப் பாராட்டி மேனேஜர் கடிதம் கொடுத்திருக்கிறார்.

என் தங்கையை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான்.

அவள் எனக்கு எட்டு வயது இளையவள். எனக்கு இருபத்திரண்டு வயதாகும்போது அம்மாவும் போய்விட்டாள், அப்பா அதற்கு முந்தின வருடமே. அவளுடைய பள்ளி ரிப்போர்ட் கார்டில் பெற்றோர் கையெழுத்து போடும் இடத்தில் என் கையெழுத்துதான் இருக்கும். கடைசிவரை அவளை நான் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிட்டேன். அலுவலகத்திலும் சில சமயம் வாயில் வந்துவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவள் முறைப்பாள்.

அவளுக்குப் புகார் மேசையில் வேலை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால் எடுத்துப் பேச வேண்டும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களைப் பேச்சில் பிடித்து வைத்திருக்க வேண்டும். எல்லோருக்கும் அது வராது. அவளுக்கு வந்தது. “பயப்படாதீங்க, ஆள் கிளம்பிட்டாங்க. கதவைத் தள்ளாதீங்க. தரையில உக்காந்துக்குங்க. உங்க வீட்ல யார் யார் இருக்காங்க, சொல்லுங்க” என்று நிதானமாகக் கேட்பாள். மறுநாள் அவர்களில் சிலர் திரும்பக் கூப்பிட்டு, நேற்றுப் பேசிய பெண்ணிடம் கொடுங்கள் என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

மாப்பிள்ளையையும் நான்தான் பார்த்தேன். நில அளவையாளர். அதிர்ந்து பேசாதவர். கல்யாணமாகி இரண்டாம் வருடம் எனக்குக் குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஒன்பது நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கென்று வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவர்தான் எனக்குச் சவரம் செய்துவிட்டார். ஒரு கீறல் விழவில்லை. நர்ஸ் என்னிடம், “உங்க தம்பியா சார்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்தக் கையை எனக்குத் தெரியும், மேடம். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

போன மாசி மாதம் என்று நினைக்கிறேன். காலையில் வந்ததும் முந்தைய நாள் பதிவை மேலோட்டமாகப் பார்ப்பது என் வழக்கம். புகார் மேசை மூன்றாவது கணினியில், அதாவது என் தங்கையுடையதில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தேடல் இருந்தது. விலா எலும்பில் விரிசல் விட்டால் தானாக ஆறுமா என்று. இரண்டு நாள் கழித்து இன்னொன்று. கழுத்தை அழுத்தினால் குரல் எத்தனை நாளில் திரும்பும் என்று.

அந்த வாரம் அவள் குரல் கட்டியிருந்தது. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பார்த்துக் கேட்டேன்.

“என்ன பாப்பா, தொண்டை?”

“சளிண்ணா.”

“டாக்டர்கிட்ட போனியா?”

“போகணும்.”

பாட்டிலை மூடிக்கொண்டு போய்விட்டாள். கழுத்தில் துப்பட்டாவை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள். சளி என்றால் சுற்றத்தானே செய்வார்கள். நோயைப் பற்றித் தேடுகிற எல்லோருக்கும் அந்த நோய் இருப்பதில்லை. ஐந்து வருடமாகப் பதிவுகளைப் பார்க்கிறவன் சொல்கிறேன்.

பிறகு ஒரு ஆலோசனை மையத்தின் பக்கம் வரத் தொடங்கியது. வீட்டில் அடிபடும் பெண்களுக்கான மையம். தினமும் ஒன்று பத்திலிருந்து ஒன்று முப்பதுவரை. என் விதிப்படி அதைப் பிரித்துப் பார்க்க முடியாது. மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் அவளுடைய கணினிக்கு மட்டும் அந்த விதிவிலக்கை எடுத்தேன். அண்ணன் என்ற முறையில் எனக்கு அந்த உரிமை உண்டு என்று நினைத்தேன். ஒரு டிக்கை எடுத்துவிட்டால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம்.

அந்தப் பக்கத்தில் எதிரே ஒருவர் இருந்து எழுத்தில் பேசுவார். நான் படித்த முதல் வரி அந்தப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி. இப்போது நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். அவள் எழுதியிருந்தாள்: “இப்ப ஆபீஸ்ல இருக்கேன். இங்க பத்திரம்தான். போனை அவர் தினமும் பார்ப்பார். அதனால இங்கிருந்து மட்டும்தான் பேச முடியும்.”

உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள்.

“அண்ணன் இருக்கான். அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டான். அவன் பார்த்து வெச்ச இடம்.”

இதை நான் பலமுறை படித்தேன். எனக்குக் கண் கலங்கியது. எவ்வளவு பாசம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு வேறு மாதிரித் தோன்றியது. பத்தடி தூரத்தில் கண்ணாடி அறைக்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் வராமல், முகம் தெரியாத ஒருத்தியிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறாள். அவர்களும் ஒரு தரப்பை மட்டும் கேட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள், இடம் இருக்கிறது என்று எழுதுகிறார்கள். ஒரு குடும்பத்தை அரை மணி நேரத்தில் பிரித்துப்போடத் துணிகிறவர்களை நான் எப்படி நம்புவது? ஆபத்து என்றால் அதுதான் ஆபத்து என்று பட்டது.

அந்தப் பக்கத்தை அவளுடைய கணினியில் அடைத்தேன்.

அடைத்த பக்கத்துக்குப் போனால் ஒரு அறிவிப்பு வரும். இந்தப் பக்கம் நிறுவனப் பாதுகாப்பு விதிகளின்படி அனுமதிக்கப்படவில்லை, விவரங்களுக்குக் கணினிப் பிரிவை அணுகவும் என்று. கணினிப் பிரிவு என்றால் நான் ஒருவன்தான். ஒன்று பதினைந்துக்கு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணா, ஒரு பேஜ் ஓப்பன் ஆகல.”

“எந்த பேஜ்?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இல்ல… பரவாயில்ல விடு.”

“சொன்னாதானே தெரியும்.”

“அவ்வளவு முக்கியமில்லண்ணா. நீ சாப்டியா?”

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார். அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார். எல்லாம் நல்லபடியாகப் போகிறதா என்று பொதுவாகக் கேட்டேன்.

“அவ கொஞ்சம் டென்ஷன் பார்ட்டி, மச்சான். உங்களுக்குத் தெரியாததா? நான்தான் அனுசரிச்சுப் போறேன்” என்று சிரித்தார்.

அவள் சமையலறையில் ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தாள். வெயில் காலத்தில் முழுக்கைச் சட்டை. நான் உள்ளே போனதும் கத்தியை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் தப்பாக ஓடுகிறதே என்றேன். “பேட்டரி போயிருக்கும்ணா” என்றாள்.

கை கழுவப் போகும்போது படுக்கையறைக் கதவில் புதிதாகத் தாழ்ப்பாள் போட்டிருப்பதைப் பார்த்தேன். வெளிப்பக்கம் போட்டிருந்தது. இந்தக் காலத்துத் தச்சர்களுக்கு உள்பக்கம் எது வெளிப்பக்கம் எது என்றுகூடத் தெரிவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன், மேடம். அன்றைக்கு அப்படி நினைப்பது கஷ்டமாக இல்லை.

இரண்டு வாரம் எதுவும் இல்லை. சமாதானமாகிவிட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒரு புதன்கிழமை, வரவேற்பு மேசைக் கணினியில் அதே மையத்தின் பக்கம் திறந்தது. வரவேற்பில் இருப்பவரை எல்லோரும் ரிசப்ஷன் அக்கா என்போம். ஐம்பது வயது, கணவரோடு நல்லபடியாக வாழ்கிறவர். அவருக்கு அந்தப் பக்கம் எதற்கு? எட்டிப் பார்த்தேன். அக்கா எழுந்து நின்று, வாசலை மறைத்தபடி போனில் பேசுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார். அக்காவின் நாற்காலியில் என் தங்கை.

அந்தக் கணினியின் விலக்கையும் எடுத்துவிட்டுப் படித்தேன். எல்லாம் முடிவாகியிருந்தது. மறுநாள் வியாழக்கிழமை மூன்று மணிக்கு அலுவலகப் பின்வாசலில் ஒரு வெள்ளை வேன் வரும். பை எதுவும் எடுத்து வர வேண்டாம், அடையாள அட்டை மட்டும் போதும். மாலை ஆறு மணிக்கு அவர் அழைத்துப்போக வருவதற்குள் அவள் வேறு ஊரில் இருப்பாள். எந்த ஊர் என்று எழுதவில்லை. கடைசியில் அவள் கேட்டிருந்தாள்: “அண்ணனுக்கு எப்ப சொல்லலாம்?” ஒரு மாதம் போகட்டும் என்று பதில் வந்திருந்தது.

ஒரு மாதம்.

அந்தப் பக்கத்தை அலுவலகம் முழுவதற்கும் அடைத்தேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். நிதானமாகத்தான் பேசினேன். “மாப்பிள்ளை, அவ ஏதோ குழப்பத்துல இருக்கா. யாரோ மனசைக் கலைச்சிருக்காங்க. மூணு மணிக்கு வண்டி வருதாம். அதுக்கு முன்னாடி வந்து கூட்டிட்டுப் போய், உக்காத்தி வெச்சு நல்லபடியா பேசுங்க” என்றேன். “கோவப்படாதீங்க” என்றும் சொன்னேன். இதை அவரும் மறுக்க மாட்டார். “ரொம்ப தேங்க்ஸ் மச்சான். நீங்க இல்லன்னா எனக்கு யாரு இருக்கா” என்றார். அவர் குரல் உடைந்திருந்தது.

இரண்டு மணிக்கு வந்தார். வரவேற்பில் நின்றுகொண்டு, உறவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னார். அப்போது அவள் ஒரு அழைப்பில் இருந்தாள். ஏதோ வணிக வளாகத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு மாட்டியிருந்தாள். கண்ணாடி வழியாக அவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. ஆனால் குரல் மாறவில்லை. “கதவு திறக்கற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேம்மா. குழந்தையை மடியில வெச்சுக்குங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பதினோரு நிமிடம். கதவு திறந்துவிட்டது என்று அந்தப் பக்கம் சொன்ன பிறகுதான் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

போகும்போது என் அறைக்குள் தலையை நீட்டினாள்.

“அண்ணா, என் மெஷினை மூடாம வந்துட்டேன். மூடிடறியா?”

“நான் பாத்துக்கறேன் பாப்பா. நீ போயிட்டு வா.”

அவள் தலையாட்டினாள். மாப்பிள்ளை அவள் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனார். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. மூன்று மணிக்குப் பின்வாசல் கேமராவில் பார்த்தேன். வெள்ளை வேன் வந்தது. ஒரு நடுத்தர வயதுப் பெண் இறங்கி நின்று, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் நின்றார். பிறகு ஏறிக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் படியில் தவறி விழுந்துவிட்டாள் என்று போன் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன். அவருடைய விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. தூக்கும்போது சுவரில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. நீங்கள் அவரைக் கைது செய்தீர்கள். அறிக்கையில் என்ன இருந்தது என்று உங்களுக்குத்தான் தெரியுமே. விலா எலும்பு மூன்று இடத்தில் பழைய முறிவு என்று இருந்தது. ஆறத்தான் செய்திருக்கிறது, தானாகவே.

உங்கள் ஆட்கள் அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தார்கள். இறந்தவர் யாரிடமாவது உதவி கேட்டதற்கான பதிவு இருக்கிறதா என்று. பதில் எழுதியது நான். அப்படி எந்தப் பதிவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த மையமோ பேசுகிறவர்களின் பாதுகாப்புக்காகப் பெயரையும் பேச்சையும் சேர்த்து வைப்பதில்லை. என் பதிலை வைத்துக்கொண்டுதான் எதிர்த்தரப்பு வக்கீல், கல்யாணமான ஆறு வருடத்தில் ஒரு புகார்கூடச் செய்யாத பெண் என்று வாதாடினார். ரிசப்ஷன் அக்கா சாட்சிக் கூண்டில் ஏறி, தன் கணினியில்தான் அவள் பேசினாள் என்றார். நான் கொடுத்த பதிலைக் காட்டி, நீங்கள் கற்பனை செய்கிறீர்களா என்று வக்கீல் கேட்டார். சிலர் சிரித்தார்கள். வெளியே வந்து அக்கா என் முன்னால் நின்றார்.

“சார், நான் பொய் சொல்றவளா? நீங்களே சொல்லுங்க.”

அதனால்தான் வந்திருக்கிறேன். நேர்மையான ஒரு பெண்மணிமேல் என்னால் பழி விழக்கூடாது. பதிவை நான் அழிக்கவில்லை, மேடம். என் தொழிலில் எதையும் அழிக்கக் கூடாது. தனியாக எடுத்து வைத்திருந்தேன். இதோ இந்தப் பென்டிரைவில் இருக்கிறது. அவள் எழுதிய எல்லாமும், நான் எந்தத் தேதியில் எதை அடைத்தேன் என்பதும்.

அதைத் திறந்தால் நீங்களே பார்த்துவிடுவீர்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். காலையில் உங்களிடம், ஒரு தடவை என்னிடம் வாய்விட்டுக் கேட்டிருந்தால் திறந்து விட்டிருப்பேன் என்று சொன்னேன். நீங்கள் அதை எழுதிக்கொண்டீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

அடைத்த பக்கத்தின் அறிவிப்புக்குக் கீழே ஒரு சின்னப் படிவம் உண்டு. எதற்காக இந்தப் பக்கம் தேவை என்று எழுதி அனுப்பலாம். நேராக எனக்கு வரும். அவள் மூன்று தடவை அனுப்பியிருந்தாள். முதல் தடவை ‘உடல்நலம்’ என்று ஒரே ஒரு வார்த்தை. மறுத்தேன். இரண்டாம் தடவை ‘சொந்த விஷயம், அவசரம்’. மறுத்தேன். மூன்றாவது அந்த வியாழக்கிழமை, பத்து நாற்பதுக்கு வந்தது. வேன் எந்தப் பக்கம் நிற்கும் என்று உறுதி செய்துகொள்ள நினைத்திருக்கிறாள். ரிசப்ஷன் கணினியிலும் பக்கம் அடைபட்டிருந்ததைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

‘அண்ணா, நீதான் அடைச்சிருக்கேன்னு தெரியும். எனக்கு உன்மேல கோவம் இல்ல. இன்னிக்கு மட்டும் அஞ்சு நிமிஷம் திறந்து விடு. எனக்கு உயிரோட இருக்கணும்ணா.’

இரண்டு தடவை படித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் நிமிரவில்லை. பத்து ஐம்பத்திரண்டுக்கு நிராகரித்தேன். எட்டு நிமிடம் கழித்து மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன்.

அந்தப் படிவத்தில் அலுவல் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, மேடம். அதை நிரப்பாமல் விட்டால் அனுமதிக்கக் கூடாது என்பது விதி. அவள் அதை நிரப்பியிருக்கவில்லை.